வழுக்கத் தெரிந்த பெல்ட்

மிளகாய் அரைத்த கையோடு எந்த மில்லிலும் பச்சரிசியைக் கொட்ட மாட்டார்கள். கொட்டினால் இடியாப்பம் காரமாகிவிடும். அதனால் மிளகாய்க்கு அடுத்து யார் முறை என்பதில் இருதயம்மாளின் மாவு மில்லில் அன்றாடம் ஒரு சண்டை நடக்கும். மிளகாய்க்கு அடுத்து அரைத்துக் கல்லின் காரத்தைப் போக்க, கோழித் தீவனத்துக்கு மக்காச்சோளம் கொண்டுவரும் ஆள் வந்து சேரும்வரை மிளகாய்க்காரிகள் ஓரமாக உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். யாராவது முனகினால், "அவசரம்னா சொல்லுங்க, இப்பவே அரைச்சுத் தாரேன். பின்னாடி அரிசி அரைக்க வாரவுககிட்ட நீங்களே பதில் சொல்லிக்கங்க" என்பாள்.

ஐம்பதை நெருங்கும் இருதயம்மாளுக்கு ஊரில் வாய்க்காரி என்று பெயர். அதை அவள் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டாள். பிறந்தது ராயப்பன்பட்டியில், திராட்சைத் தோட்டத்துக் கூலி வீட்டில். கட்டிக்கொடுத்தது வைகை அணைத் தண்ணீரின் ஓரத்திலுள்ள இந்த ஊருக்கு. கணவன் எட்வின் அணையில் மீன் பிடிக்கிறவன். அவன் தண்ணீருக்குப் போன நேரத்தில் வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், பொன்னுராஜ் என்பவரின் மில்லுக்குக் கூட்டிப் பெருக்கப் போனாள். விளக்குமாற்றிலிருந்து தராசுக்கு வந்தாள், தராசிலிருந்து சுவிட்சுக்கு வந்தாள். பொன்னுராஜ் மகனோடு இருக்க மதுரைக்குப் போனபோது மில்லை இவளிடமே விட்டுவிட்டுப் போனார். "உன்னைய விட்டா இந்த மோட்டாரு பேச்சைக் கேக்க ஆளு இல்ல" என்று அவர் அன்று சொன்னதை, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

சொன்னதில் பொய் இல்லை. மோட்டாரிலிருந்து கல்லுக்கு ஓடும் பெல்ட்டின் சத்தத்தை வைத்தே, தொட்டியில் கிடப்பது கேழ்வரகா கம்பா என்று சொல்லிவிடுவாள். அந்தக் காது அவளுக்கு ஒரு தப்பில் வந்தது. மில் கைக்கு வந்த புதிதில், பெல்ட் வழுக்குகிறது, மாவு கொரகொரவென்று வருகிறது என்று ஆளாளுக்குக் குறை சொன்னார்கள். இவள் வீம்புக்கு பெல்ட்டை இழுத்து முறுக்கி, இம்மியும் வழுக்காதபடி மாட்டிவிட்டாள். மறுவாரமே யாரோ கொண்டுவந்த கேழ்வரகில் டிராக்டர் போல்ட் ஒன்று கிடந்தது. முன்பு என்றால் பெல்ட் கீச்சென்று கத்தி வழுக்கியிருக்கும், ஓடிப்போய் சுவிட்சை அணைத்திருக்கலாம். அன்று அது வழுக்கவில்லை. மோட்டாரின் பலம் அத்தனையும் கல்லுக்குள் இறங்கி, கல் இரண்டாகப் பிளந்து, அதைச் சுற்றும் இரும்புத் தண்டான ஷாஃப்டும் வளைந்துபோனது. புதுக் கல் வரும்வரை ஊரே ஆண்டிபட்டிக்குப் போய் அரைத்துவந்தது. வழுக்குவது பெல்ட்டின் குறை இல்லை, அதன் வேலையில் பாதியே அதுதான் என்று அப்போது படித்துக்கொண்டாள்.

எட்வின் அதிகம் பேசமாட்டான். வீட்டுக்கு ஒரு வாய் போதும் என்று தன் பங்கையும் பெண்டாட்டிக்கே கொடுத்துவிட்டான் என்று கூட்டாளிகள் கேலி செய்வார்கள். அவன் அதற்கும் சிரிப்பதோடு சரி. போன மழைக்காலத்தில் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படகிலிருந்து இறங்கியபோது சேற்றில் சறுக்கி விழுந்து, வலது தோளில் ஜவ்வு கிழிந்துவிட்டது. தேனியில் வைத்தியம் பார்த்தார்கள். கை மெல்ல மெல்ல வேலைக்கு வந்தது. சோறு அள்ளலாம், வலையை இடது கையோடு சேர்த்து இழுக்கலாம், துடுப்பு மட்டும் இனிமேல் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வலை கிடக்கும் ஆழத்துக்குத் துடுப்பு இல்லாமல் எப்படிப் போவது என்பதை டாக்டரிடம் கேட்டு என்ன பயன்?

மீனவர் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. அணை நிறைந்திருக்கும் பருவத்தில் ஒருவரின் படகு கரையிலேயே கட்டிக்கிடந்தால், அவருடைய இடம் காத்திருக்கும் அடுத்த ஆளுக்குப் போய்விடும். காத்திருக்கிறவனுக்கும் குடும்பம் இருக்கிறதே, அதனால் யாரும் அதைத் தப்பு என்று சொன்னதில்லை. சங்கத் தலைவர் அம்மாவாசி, எட்வினோடு சின்ன வயதிலிருந்து ஒன்றாக வலை போட்டவர். அவரே வீட்டுக்கு வந்து, தண்ணீர் கொடுத்தும் குடிக்காமல் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"பொங்க வரைக்கும் நான் எப்படியாச்சும் தள்ளிக்கிட்டுப் போறேன் மதினி. அதுக்கு மேல என்னால ஆகாது" என்றார்.

அன்று சாயங்காலமே எட்வின் முடிவு சொல்லிவிட்டான். அவனுடைய சித்தப்பா மகன் திருப்பூரில் இருக்கிறான். நூல் மில் ஒன்றில் வாட்ச்மேன் வேலை இருக்கிறதாம், பொங்கல் கழிந்ததும் வரச் சொல்கிறானாம். சொல்லிவிட்டு ஒரு நீலநிற ரெக்சின் பையில் சட்டை வேட்டிகளை மடித்து வைத்து, வாசல் நிலைக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினான்.

"பொங்கலுக்கு இன்னும் எம்புட்டு நாள் கெடக்கு. இப்பவே பையை மாட்டுறீக?"

"கண்ணுல பட்டுக்கிட்டே கெடக்கட்டும். மனசு பழகிரும்."

"உங்க மனசு பழகிரும். என் மனசு?" என்றாள் இருதயம்மாள். "நீங்க அங்கன கேட்டைத் தொறந்து சாத்திக்கிட்டு இருப்பீக. நான் இங்கன யாரைத் திட்டுறது? நீங்க இந்த வீட்டுல இருக்கணும். எனக்கு நீங்க வேணும், அம்புட்டுத்தான்."

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இவ்வளவு பச்சையாக அவள் சொன்னதில்லை. சொன்ன பிறகு அவளுக்கே வெட்கமாகிவிட்டது, உலை கொதிக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டாள். எட்வின் பையை ஆணியிலிருந்து எடுக்கவில்லை.

அழுதுகொண்டு உட்காரும் ஆள் இல்லை அவள். தோள் தள்ளாவிட்டால் மோட்டார் தள்ளட்டும் என்று கிளம்பிவிட்டாள். அணையில் இருப்பது குடிதண்ணீர் என்பதால் பெட்ரோல் என்ஜினுக்குச் சங்கம் ஒத்துக்கொள்ளாது, பேட்டரி என்றால் தடையில்லை என்று அம்மாவாசியிடம் வாக்கு வாங்கினாள். கம்பத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் அடிபட்டுக் கிடந்த பேட்டரி ஆட்டோவிலிருந்து மோட்டார், அதன் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கன்ட்ரோலர், பேட்டரி எல்லாவற்றையும் கழற்றி, வாழைத்தார் ஏற்றிவந்த வண்டியிலேயே கொண்டுவந்து சேர்த்தாள். ஊர் வெல்டிங் பட்டறையில் ஒரு இரும்புச் சட்டம் செய்தார்கள். படகின் பின்பக்கம் சட்டத்தின் மேல் மோட்டார் உட்காரும். அதன் பக்கத்திலிருந்து நீண்ட ஷாஃப்ட் ஒன்று சாய்வாகத் தண்ணீருக்குள் இறங்கும், வேண்டும்போது மேலே தூக்கிக்கொள்ளலாம். அதன் நுனியில் காத்தாடி. புரொப்பெல்லர் என்ற வார்த்தை அவள் வாய்க்கு வரவில்லை, வரவழைக்கவும் அவள் மெனக்கெடவில்லை.

ஆட்டோ மோட்டார் நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்றுப் பறக்கும். காத்தாடி அந்த வேகத்தில் சுற்றினால் தண்ணீரைக் கடைந்து நுரையாக்குமே தவிர படகைத் தள்ளாது. அதனால் பெல்ட் ஓடும் சக்கரமாக மோட்டாரில் சின்னப் புல்லி, ஷாஃப்டில் பெரிய புல்லி, இரண்டுக்கும் நடுவில் பெல்ட் என்று போட்டு வேகத்தைக் குறைக்க வேண்டும். எவ்வளவு குறைப்பது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. இருதயம்மாளுக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை. மில்லில் மோட்டார் புல்லிக்குக் கல்லின் புல்லி இரண்டு பங்கு. பல வருடமாக அது ஓடுகிறது, மாவும் பூப்போல விழுகிறது. படகுக்கு மட்டும் வேறு என்ன கணக்கு இருந்துவிடப்போகிறது என்று நினைத்தாள்.

தேனி கடைவீதியில் ஜஸ்டின் அண்ணாச்சியின் கடையில் உத்தரம் தெரியாத அளவுக்குப் பெல்ட்டுகள் தொங்கும். அவர் அப்பா காலத்துக் கடை. மில்காரர்களும் தோட்டக்காரர்களும் கேட்கும் முன்பே அளவைச் சொல்லி எடுத்துப்போடுவார்.

"நாலு இஞ்சுல ஒண்ணு, எட்டு இஞ்சுல ஒண்ணு" என்றாள் இருதயம்மாள்.

"எதுக்கு தங்கச்சி? மில்லுக்குப் போன வருசந்தான மாத்துன?"

"புல்லியை எதுக்கு வாங்குவாக அண்ணாச்சி? கழுத்துல மாட்டிக்கிடவா? எடுத்துக் குடுங்க."

அவரும் சிரித்துக்கொண்டே கட்டிக்கொடுத்தார். படகு என்று ஒரு வார்த்தை அவரிடம் சொல்லியிருந்தால் இந்தக் கதை பாதியிலேயே முடிந்திருக்கும். வாய்க்காரிகளுக்கு எதைப் பேச வேண்டும் என்பது மட்டும் சில சமயம் மறந்துபோகும்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்த கையோடு கோயில் கூட்டத்தில் பாதி கரைக்கு வந்துவிட்டது. எட்வின் படகில் ஏறி, மோட்டாரை முடுக்கும் கைப்பிடியைத் திருகினான். படகு சீறிக்கொண்டு கிளம்பியது. கரையிலிருந்த பெண்கள் கைதட்டினார்கள். இருதயம்மாள் சேலைத் தலைப்பை உதறி இடுப்பில் சொருகிக்கொண்டு, பார்த்தீர்களா என்பதுபோலத் திரும்பி ஒரு சுற்றுப் பார்த்தாள். அவள் பார்த்து முடிப்பதற்குள் சத்தம் மாறிவிட்டது. மோட்டார் முக்கியது, காத்தாடிக்குப் பின்னால் வெள்ளை வெள்ளையாக நுரை எழும்பியது, படகு வேகம் குறைந்து தளர்ந்தது. வார்னிஷ் கருகும் வாடை கரைவரை வந்தது. பிறகு கன்ட்ரோலர் சூடு தாங்காமல் தானே அணைந்துவிட்டது. எட்வின் நடுத்தண்ணீரில் துடுப்பும் இல்லாமல் உட்கார்ந்திருந்தான். அம்மாவாசி தன் படகில் போய்க் கயிறு கட்டி இழுத்துவந்தார்.

கட்டி இழுத்துவரும் படகில் ஒரு மீனவன் எப்படி உட்கார்ந்திருப்பான் என்பதை இருதயம்மாள் அன்று பார்த்தாள். அவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அவள் தன் மேலேயே வந்த கோபத்தை எங்கே காட்டுவது என்று தெரியாமல், சுற்றி நின்ற கூட்டத்தை விரட்டினாள்.

"வேகம் பத்தல மதினி, அதான் தெணறுது" என்றார் அம்மாவாசி. "மோட்டாரு புல்லியை இன்னும் பெருசாக்குங்க, பிச்சுக்கிட்டுப் போகும்." கரையில் நின்ற எல்லோரும் அதையே சொன்னார்கள். எல்லோரும் ஒன்றைச் சொல்லும்போது அது சரியாகத்தான் இருக்கும் என்று அவளுக்கும் தோன்றியது.

மறுநாள் மில்லில் கம்பு அரைத்துக்கொண்டிருந்தாள். நன்றாகக் காயாத கம்பு. மோட்டார் முக்க ஆரம்பித்தது. அவள் கை தானாகப் போய், தொட்டிக்கு அடியிலுள்ள இழுப்புத் தகட்டைக் கொஞ்சம் சாத்தியது. கம்பு குறைவாக இறங்கியது, மோட்டார் மூச்சுவிட்டது. தினமும் நூறு தடவை செய்கிற வேலைதான். ஆனால் அன்று தகட்டின் மேல் வைத்த கையை எடுக்காமல் அப்படியே நின்றுவிட்டாள்.

மில்லில் மோட்டார் திணறினால் தீனியைக் குறைக்கத் தகடு இருக்கிறது. தண்ணீரில் தகடு எங்கே இருக்கிறது? காத்தாடியின் வாய்க்கு நேரே மொத்த அணையும் திறந்து கிடக்கிறது. எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதோ அவ்வளவு அள்ளும், அள்ள அள்ள மோட்டார் சாகும். அங்கே சாத்துவதற்கு இருக்கிற ஒரே தகடு புல்லிதான். ஊரே சொன்னபடி மோட்டார் புல்லியைப் பெரிதாக்கினால், திணறுகிற மில்லில் தகட்டை இன்னும் திறந்துவிட்ட கதையாகிவிடும்.

"நான் ஒரு கூமுட்டை" என்று சத்தமாகவே சொன்னாள்.

மிளகாய்ப் பையோடு உட்கார்ந்திருந்த உமாதேவி நிமிர்ந்து, "யாரைச் சொல்றீக?" என்றாள்.

"என்னையத்தேன். வேற யாரையாச்சும் சொன்னா சண்டைக்கு வருவாகளே."

அடுத்த பஸ்ஸில் தேனிக்குப் போய் இறங்கினாள். இந்தத் தடவை ஜஸ்டின் அண்ணாச்சி கேட்கும் முன்பே, படகு, மோட்டார், கருகின வாடை, கயிறு கட்டி இழுத்தது என்று ஒன்றுவிடாமல் கொட்டினாள். அவர் கணக்கு எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"ஏன் ஆத்தா, அன்னைக்கே சொல்லியிருந்தா நாலுக்கு எட்டு நான் குடுத்திருப்பேனா? போடியில ஏலக்கா காயவைக்கிற எடத்துல பெரிய ஃபேன் ஓடுதுல்ல? அங்கன ஒருத்தரு காத்துப் பத்தலன்னு மோட்டாரு புல்லியைப் பெருசாக்குனாரு. ரெண்டே நாள்ல மோட்டாரு கரிக்கட்டை ஆயிருச்சு. காத்துக்கும் தண்ணிக்கும் ஒரே கணக்குத்தேன். சுத்து ரெண்டு மடங்கு ஆச்சுன்னா சுமை எட்டு மடங்கு ஆகும். சுத்தைப் பாதியாக்கு, சுமை எட்டுல ஒரு பங்காக் கொறைஞ்சிரும்."

"எட்டுல ஒண்ணா?" குறையும் என்று அவள் கண்டுபிடித்திருந்தாள், இவ்வளவு குறையும் என்று நினைக்கவில்லை. "அது எனக்குத் தெரியாது அண்ணாச்சி" என்றாள். இருதயம்மாள் வாயிலிருந்து வருவதற்கு அரிதான வாக்கியம் அது. ஜஸ்டின் அதைக் காதில் விழாததுபோல விட்டுவிட்டது அவருடைய நல்ல குணம்.

இருவரும் உட்கார்ந்து பேசி, மோட்டாருக்கு மூன்று இஞ்சு, ஷாஃப்டுக்குப் பன்னிரண்டு இஞ்சு என்று முடிவு செய்தார்கள். ஒன்றுக்கு நான்கு. மோட்டார் புல்லி மூன்றுக்கும் கீழே போனால் பெல்ட் சின்ன வளைவில் மடங்கி மடங்கிச் சீக்கிரம் வெடித்துவிடும் என்றார் அண்ணாச்சி. ஷாஃப்ட் புல்லி பன்னிரண்டுக்கு மேலே போனால் படகு விளிம்பில் இடிக்கும் என்று அவள் அளந்துகொண்டு வந்திருந்தாள். அதுவரை சண்டை இல்லை. பெல்ட்டுக்கு வந்தபோது சண்டை வந்தது.

அண்ணாச்சி உள்ளே போய், உட்பக்கம் பல் வைத்த பெல்ட் ஒன்றை எடுத்துவந்து அவள் மடியில் வைத்தார். "இதைப் போடு. புல்லியிலயும் பல்லு இருக்கும், ஒண்ணோடொண்ணு கவ்விக்கிரும். பேட்டரி சார்ஜு ஒரு பொட்டு வீணாகாது. வெலை கூடத்தேன், நான் பாத்துப் போட்டுத் தாரேன்."

இருதயம்மாள் பற்களை விரலால் நெருடிப் பார்த்தாள். நல்ல சரக்கு என்று தொட்டதுமே தெரிந்தது. "வழுக்குமா?"

"வழுக்கவே வழுக்காது!"

"அப்ப வேணாம்."

"என்னாது?"

"எங்க தண்ணிக்கு அடியில என்ன கெடக்குன்னு உங்களுக்குத் தெரியாது அண்ணாச்சி. அணை கட்டுறப்ப முங்கிப்போன காடு அது. வெட்டுனது போக மிஞ்சுன புளியமரத்து அடிமூடு, பனைமூடு, கெணத்துச் சுவரு எல்லாம் இன்னும் அங்கனதேன் கெடக்கு. தண்ணி ஏறுனா மேல ஒண்ணும் தெரியாது. காத்தாடி போயி ஒரு மூட்டுல இடிச்சுச்சுன்னா, ஒண்ணு பெல்ட்டு வழுக்கணும், இல்லைன்னா ஷாஃப்டு வளையணும். என் கல்லு ரெண்டாப் பொளந்த கதை உங்களுக்குத் தெரியும்ல? கல்லு போனா வேற கல்லு வரும். அங்கன ஒத்தையில உக்காந்திருக்கிறது என் வீட்டுக்காரரு."

ஜஸ்டின் விடவில்லை. சரி, பல் வேண்டாம், சாதாரண வி-பெல்ட்டே போட்டுக்கொள், ஆனால் இரண்டாகப் போடு என்றார். ஒன்று போதும் என்றாள் இருதயம்மாள். இரண்டு போட்டால் இரண்டும் சேர்ந்து பிடித்துக்கொண்டு வழுக்காமல் நின்றுவிடும். ஒன்று சீக்கிரம் தேயும் என்றார். தேய்ந்தால் மாற்றிக்கொள்கிறேன், அதற்குத்தானே நீங்கள் கடை வைத்திருக்கிறீர்கள் என்றாள். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம் ஏறிய பிறகு, அண்ணாச்சி ஒற்றை வி-பெல்ட்டைக் கூரையிலிருந்து இறக்கினார்.

"நீ சொல்றது சரிதேன். சிமெண்டு மேடையில ஓடுற மெசினை நெனச்சே நான் பேசிட்டேன்" என்றார். "ஆனா ஒண்ணு. பெல்ட்டு நனைஞ்சா காரணமில்லாமயும் வழுக்கும். மேல ஒரு மூடி போடு." அதை அவளும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டாள்.

எண்ணெய் டின்னை வெட்டி மூடி செய்தாள். மோட்டாரை முன்னும் பின்னும் நகர்த்த வசதியாகச் சட்டத்துத் துளைகளை நீளமாக்கச் சொன்னாள். பெல்ட்டை மாட்டிவிட்டு, நடுவில் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பார்த்து இறுக்கினாள். ரொம்பத் தளர்த்தியும் கூடாது, முறுக்கவும் கூடாது. அந்த அளவைச் சொல்லிக்கொடுக்கச் சொன்னால் அவளுக்குத் தெரியாது, அவள் கட்டைவிரலுக்குத் தெரியும்.

இரண்டாவது ஓட்டத்துக்கு யாரையும் கூப்பிடவில்லை, ஆனாலும் வந்துவிட்டார்கள். காத்தாடி மெதுவாகச் சுற்றுவதைப் பார்த்து, பாயசம் கிண்டுகிறது என்று யாரோ சொல்ல, கரையே சிரித்தது. படகு அந்தச் சிரிப்பைக் காதில் வாங்காமல் போய்க்கொண்டே இருந்தது. சீறவில்லை, நுரைக்கவில்லை. ஒருவர் நிதானமாகத் துடுப்பு வலிக்கிற வேகத்தில், சளைக்காமல், எதிர்க்கரைப் பக்கம் போய்த் திரும்பி வந்தது. இருதயம்மாள் மோட்டாரின் மேல் உள்ளங்கையை வைத்தாள். ஆறிப்போன காபி டம்ளர் அளவுக்குத்தான் சூடு இருந்தது.

"இன்னும் பெருசாக்கலாமா தலைவரே?" என்று கேட்டாள். அம்மாவாசி வலையைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டார்.

எட்வின், "ஓடுது" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பையை ஆணியிலிருந்து எடுப்பான் என்று இருதயம்மாள் எதிர்பார்த்தாள். அவன் எடுக்கவில்லை. கரைக்குப் பக்கத்தில் ஓட்டிப் பார்ப்பது வேறு, ஒற்றை ஆளாக ஆழத்துக்குப் போய் வலை எடுத்து வருவது வேறு. அது அவளுக்கும் தெரியும். கேட்டு நச்சரிக்காமல் இருப்பதற்கு அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை.

எட்வின் அம்மாவாசியோடு போய் வலை போட்டுவிட்டு வந்த மறுநாள் விடிகாலையில் அவள் கண்விழித்தபோது அவன் பாயில் இல்லை. முகம் கழுவ வாசலுக்கு வந்தாள். ஆணியில் பை இல்லை.

திருப்பூர் போக வேண்டுமென்றால் முதல் பஸ்ஸைப் பிடித்தால்தான் வசதி. வாய்விட்டுச் சொன்னால் இவள் விடமாட்டாள் என்று தெரிந்து, சொல்லாமலே போய்விட்டானா? தன் மில்லையும் புல்லியையும் பெரிதாகப் பேசிப் பேசி, அவன் மனதில் என்ன இருக்கிறது என்று ஒரு நாளாவது உட்கார்ந்து கேட்டோமா என்று நினைத்தாள். பஸ் ஸ்டாப்புக்கு ஓடுவதா கரைக்கு ஓடுவதா என்று தெருமுனையில் ஒரு நிமிடம் நின்றாள். பிறகு கரைக்கு ஓடினாள்.

கட்டுத்தறியில் படகு இல்லை. அம்மாவாசி மட்டும் வலைக்கூடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"போயிட்டான் மதினி, மேற்க, ஆழத்துப் பக்கம். ஒத்தையில போறானேன்னு நானும் பாத்துக்கிட்டேதேன் நிக்கிறேன்."

இருதயம்மாளுக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சோடு பை எங்கே என்ற கேள்வியும் வந்தது. மேகம் இறங்கித் தண்ணீரும் வானமும் ஒரே சாம்பல் நிறமாக இருந்ததால் படகு கண்ணுக்குத் தெரியவில்லை. பெல்ட்டின் ரீங்காரம் மட்டும் தண்ணீர் மேல் தவழ்ந்து வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். சீராக இருந்தது.

திடீரென்று கீச்சென்று ஒரு அலறல் எழுந்தது. நீளமாகக் கத்திவிட்டு நின்றுபோனது. பிறகு எந்தச் சத்தமும் இல்லை.

"ஐயோ, என்னமோ ஒடைஞ்சிருச்சு!" அம்மாவாசி தன் படகை அவிழ்க்க ஓடினார்.

"நில்லுங்க" என்றாள் இருதயம்மாள். "ஒடைஞ்சா டமார்னு ஒத்தைச் சத்தந்தேன் கேக்கும். இது வழுக்குன சத்தம். மரமூட்டுல இடிச்சிருக்காக, பெல்ட்டு வழுக்கிருச்சு, அவுக கைப்பிடியை விட்டுட்டாக. இப்ப காத்தாடியைத் தூக்கி, பின்னால தள்ளி, திரும்ப எறக்குவாக. செத்த பொறுங்க." சொல்லும்போது குரல் ஆடவில்லை. கை மட்டும் அம்மாவாசியின் படகுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது.

இருவரும் காத்திருந்தார்கள். கரையோரத்து நாணலில் ஒரு நீர்க்கோழி கத்தியது. அதற்குப் பின்னால், மெதுவாக, பழைய ரீங்காரம் திரும்பவும் எழுந்தது.

படகு வந்து கரை தட்டியபோது கூடையில் பாதிக்கு மேல் மீன் துள்ளிக்கொண்டிருந்தது. இருதயம்மாள் மீனைப் பார்க்கவில்லை. முழங்கால் தண்ணீரில் இறங்கிப் போய்க் காத்தாடியைத் தடவினாள். ஓர் இதழில் ஈர மரச்சிராய் ஒட்டியிருந்தது, ஆனால் வளையவில்லை. டின் மூடியைத் திறந்து பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினாள். சூடாக இருந்தது, ரப்பர் கருகிய வாடை வந்தது, மற்றபடி ஒன்றுமில்லை.

அப்புறம்தான் கன்ட்ரோலர் இருந்த இடத்தைப் பார்த்தாள். அதன் மேல் நீலநிற ரெக்சின் ஒன்று கவிழ்ந்து, கயிறு போட்டு இறுகக் கட்டியிருந்தது. ஜிப்பின் ஒரு பக்கத்தைத் திறந்து, அது வழியாக வயர்களை வெளியே எடுத்திருந்தான். அடிப்பக்கம் கத்தியால் நேராக வெட்டியிருந்தது.

"இது என்னாங்க?"

"மேகம் போட்டிருந்துச்சு. நனைஞ்சா இது கெட்டுப்போகும்ல, அதான்" என்றான் எட்வின்.

"எப்ப வெட்டுனீக?"

"காலையில. கெளம்புறதுக்கு முன்னாடி."

கிளம்புவதற்கு முன்னால். பெல்ட் வழுக்குமா ஷாஃப்ட் வளையுமா என்று யாருக்கும் தெரிவதற்கு முன்னால், அவன் திருப்பூர்ப் பையை வெட்டியிருக்கிறான்.

"உள்ள இருந்த சட்டையெல்லாம்?"

"பீரோவுல, உன் சேலைக்கு அடியில வச்சிருக்கேன்."

வாய்க்காரி முழங்கால் தண்ணீரில் நின்றபடியே அழுதாள். மறைக்கவும் இல்லை, திரும்பிக்கொள்ளவும் இல்லை. அம்மாவாசி மீன் கூடையை ரொம்ப அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்தார். எட்வின் படகின் விளிம்பில் உட்கார்ந்து, சரியான கையை நீட்டி அவள் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"தேனிக்குப் போனா மாத்துறதுக்கு இன்னொரு பெல்ட்டு வாங்கிட்டு வா" என்றான். "வருசம் பூரா ஓடணும்ல, இது ஒண்ணு தாங்காது."

"ரெண்டா வாங்கிட்டு வாரேன்" என்றாள் இருதயம்மாள், முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு.